மெட்டி போட்ட காலுக்கு ஒரு ஷூ

கேள்வி: எனக்கு 43 வயது. திருச்சியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பதவி உயர்வு வந்தபின் மாதம் இரண்டு தடவை சென்னை, ஒரு தடவை ஊட்டி என்று அலைச்சல். வாரத்தில் மூன்று நாள் புடவை, மற்ற நாட்களில் சுடிதார். ஸ்டேஷன் வரை ஸ்கூட்டர். மூன்று வருஷத்தில் ஐந்து ஜோடி ஷூ, செருப்பு வாங்கிவிட்டேன். ஒன்று கடித்தது. ஒன்று மழையில் பிரிந்தது. இன்னொன்றை நாத்தனார் மகள் ரிசப்ஷனுக்காகப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்துப் படியிலேயே அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. மொத்தமே நாலு தடவைதான் போட்டிருப்பேன். மகள் வெள்ளை ஸ்னீக்கர் வாங்கச் சொல்கிறாள். அலுவலகத் தோழி குதி வைத்த, கூர்முனைக் கறுப்பு கோர்ட் ஷூதான் கௌரவம் என்கிறாள். மெட்டியைக் கழற்ற எனக்கு மனசில்லை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிக்கிறது. வெயில், மழை, குளிர், ஆபீஸ், கல்யாணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் ஒரே ஒரு நல்ல ஜோடி கிடைக்குமா? உதிர்ந்துபோன அந்த ஷூவை என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கிடைக்கும். ஒரு லோஃபர் வாங்குங்கள், அதாவது கயிறும் பக்கிளும் இல்லாமல் காலை நுழைத்துப் போடும் மூடிய ஷூ. முன்பக்கம் உருண்டையாக இருக்கட்டும், குதி ஒரு இஞ்ச்சைத் தாண்ட வேண்டாம். உள்ளும் புறமும் தோல், அடியில் ரப்பர் சோல், நிறம் அரக்கு கலந்த அடர் பிரவுன். பெயரைச் சொல்லிவிட்டேன். ஆனால் அதே பெயரில் கடையில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், அதில் பெரும்பாலானவை உங்கள் காலுக்கு ஆகாது. எது ஆகும் என்று கண்டுபிடிக்கும் விதத்தைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

28 வருஷமாக ஆம்பூரில் ஷூ கம்பெனிகளில், தோலை வெட்டுவதற்கான வடிவம் தயாரிக்கும் பேட்டர்ன் செக்‌ஷனில் இருக்கிறேன். எங்கள் பக்கம் தயாராகும் பெண்கள் ஷூவில் பெரும்பகுதி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. அதை வெட்டி, தைத்து, துடைத்து, பெட்டியில் வைக்கும் பெண்கள் சாயங்காலம் ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறோம். நம் ஊர்க் காலுக்கு என்ன ஷூ என்று யாராவது கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஷூவில் முதலில் பார்க்க வேண்டியது நிறமோ டிசைனோ இல்லை, லாஸ்ட். கால் வடிவத்தில் செய்த ஒரு கட்டை அது. முன்பு மரத்தில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. தைத்த தோலை அதன்மேல் இழுத்து ஒட்டித்தான் ஷூவுக்கு உருவம் கொடுக்கிறோம். அந்தக் கட்டை யாருடைய காலை வைத்துச் செய்ததோ, அவருக்குத்தான் ஷூ சரியாகப் பொருந்தும். ஏற்றுமதிக்குச் செய்யும் லாஸ்ட் எல்லாம் ஐரோப்பியப் பெண்களின் கால் அளவு. நம் கால் அப்படி இல்லை. சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலும் வார்ச் செருப்பிலும் நடந்து பழகிய கால், விரல் பக்கம் விரிந்திருக்கும். சென்னை அடையாறில் இருக்கும் சி.எல்.ஆர்.ஐ., அதாவது மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், சில வருஷங்களுக்கு முன் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்தது. இந்தியப் பாதம் பொதுவாக அகலம் அதிகம் என்று அதில் தெரியவந்தது. நமக்கென்று தனி அளவு முறை வேண்டும் என்ற யோசனையும் அதிலிருந்துதான் வந்தது. இன்று நாம் கடையில் 5 நம்பர், 6 நம்பர் என்று கேட்பது இங்கிலாந்து அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஒரு இஞ்ச்சில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பார்லி மணியின் நீளம் என்று கணக்கு வைத்தார்கள். நீளம் மட்டும்தான் அந்த நம்பரில் இருக்கிறது. அகலத்தைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது.

கடித்த ஷூவுக்கு என்ன நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். அகலம் போதவில்லை. கடைக்காரர் "போடப் போட லூஸ் ஆகிடும் மேடம்" என்றிருப்பார், அல்லது ஒரு நம்பர் பெரியது கொடுத்திருப்பார். தோல் அகலவாட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்பது உண்மைதான். நீளவாட்டில் கொடுக்காது. ஒரு நம்பர் பெரியதாக வாங்கினால் விரல் பக்கம் இடம் கிடைக்கும், ஆனால் குதி பிடிக்காது. நடக்க நடக்கப் பின்பக்கம் ஏறி இறங்கித் தோலை உரிக்கும். விரல் நெருக்கினாலும் குதி உரிந்தாலும் நாம் சொல்வது ஒரே வார்த்தை, ‘கடிக்குது’. காரணம் மட்டும் வேறு.

அதனால் வாங்கப் போகும் முன் வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், நாளெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு கெட்டி அட்டைமேல் நின்று இரண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். பென்சில் நேராக நிற்க வேண்டும், உட்கார்ந்துகொண்டு வரையக் கூடாது. எடை இறங்கும்போதுதான் பாதம் தன் முழு அகலத்துக்கு விரியும். கோட்டோடு கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பிடித்த ஷூவுக்குள் அந்த அட்டையை நுழையுங்கள். தட்டையாகப் படுத்தால் சரி. ஓரம் மடங்கி மேலே வளைந்தால் அந்த ஷூவைத் திரும்ப வைத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். இரண்டு அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் ஒரு கால் மற்றதைவிடப் பெரியதாக இருப்பதும் தெரியும். பெரும்பாலோருக்கு அப்படித்தான். பெரிய காலுக்குத்தான் நம்பர் பார்க்க வேண்டும். இன்னொன்று, குழந்தை பெற்றபின் பல பெண்களுக்குப் பாதத்தின் வளைவு கொஞ்சம் இறங்கி, நீளமும் அகலமும் கூடி, அப்படியே நின்றுவிடுகிறது. கல்யாணத்தின்போது இருந்த நம்பரையே இன்னும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் 5 நம்பர் என்று பத்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அளந்து பார்த்தபோது என் இடது கால் 6 கேட்டது.

இனி மெட்டி. இதை எந்த ஷூ புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் கல்யாணமான நம் பெண்களுக்கு இதுதான் பெரிய பிரச்சினை. பெருவிரலுக்கு அடுத்த விரலில் வெள்ளி ஏறியதும் அந்த இடத்தில் கால் உயரம் கூடுகிறது. கூர்முனை ஷூவில் அந்த விரல் பக்கத்து விரலோடு ஒட்டி நசுங்கும், மெட்டி சதைக்குள் பதியும். தோழி சொல்லும் கோர்ட் ஷூவை நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இதுதான். உருண்டையான, கொஞ்சம் உயரமான முன்பக்கம் இருந்தால் மெட்டிக்கு இடம் கிடைக்கும். லோஃபரிலும் ஒன்று கவனிக்க வேண்டும். மேலே குதிரை லாட வடிவில் ஒரு தையல் ஓடும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தையலின் உள்பக்க மேடு சில ஷூக்களில் சரியாக மெட்டிக்கு மேலே வந்து உட்காரும். கையை உள்ளே விட்டு, நடுவிரலால் மேல்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால், அது எந்த இடம் என்று வெளியே கட்டைவிரலை வைத்துக் குறித்துக்கொண்டு, காலில் போட்டதும் மெட்டி அங்கே வருகிறதா என்று பாருங்கள். உள்ளே மெல்லிய தோல் லைனிங் முழுக்க ஓடினால் அந்த மேடு பெரிதாகத் தெரியாது. மேலே பூ வைத்த மெட்டி என்றால், அலுவலக நாட்களுக்கு வெறும் வளையமாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

வேறு வகைகளை ஏன் விட்டேன் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கயிறு கட்டும் ஷூ உறுதியானது, ஆனால் நம் வாழ்க்கையில் ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் காலணியைக் கழற்றுகிறோம்! கோயில், வீடு, மண்டபம், சில டாக்டர் கிளினிக்கில்கூட. புடவையோடு குனிந்து கயிறு கட்டுவது நடக்கிற காரியமா? பக்கிள் வைத்ததில் புடவை ஃபால்ஸ் மாட்டும். பேலரினா என்கிற தட்டை ஷூ அழகுதான். 1956-ல் பாரிஸில் ரெப்பெட்டோ என்ற நடனக் காலணிக் கம்பெனி நடிகை பிரிஜித் பார்தோவுக்காகச் செய்துகொடுத்தபின் உலகமெல்லாம் பரவியது. ஆனால் அதன் அடிப்பாகம் அட்டை மாதிரி மெல்லியது, குதிக்குத் தாங்கல் கிடையாது. குதிகால் வலி உள்ள உங்களுக்கு அது ஆகவே ஆகாது. கோலாப்பூரி எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் தோல் அடிப்பாகம் தண்ணீரில் ஊறிவிடும்.

மகள் சொல்லும் ஸ்னீக்கரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உங்கள் குதிக்கு அது இதமாக இருக்கும், புடவையோடு போடுவதும் இப்போது சகஜம்தான். ஆனால் திருச்சிப் புழுதியில் வெள்ளை எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? அப்புறம், பட்டுக்குக் கீழே அது எட்டிப் பார்க்கும்போது உங்களுக்கே சங்கடமாக இருந்தால் நீங்கள் மறுபடி ஆறாவது ஜோடி வாங்குவீர்கள். வாரக் கடைசி நடைக்கு என்று பின்னால் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

லோஃபர் நார்வேயில் ஆவுர்லாந்து என்ற ஊரிலிருந்து வந்தது. 1936-ல் அமெரிக்காவின் ஜி.எச். பாஸ் கம்பெனி அதைக் கொஞ்சம் மாற்றி ‘வீஜன்ஸ்’ என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது, ‘நார்வீஜியன்ஸ்’ என்ற சொல்லின் பின்பாதி அது. அன்று செய்த ஜோடியையும் இன்று செய்யும் ஜோடியையும் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. கிளாசிக் என்று ஒன்றைச் சொல்வதானால் இதைச் சொல்லலாம். பேன்ட், சுடிதார், புடவை எதற்கும் இது முரண்டு பிடிப்பதில்லை.

புடவைக்கும் ஷூவுக்கும் உள்ள கணக்கைப் பலர் யோசிப்பதில்லை. புடவையை எந்தக் குதி உயரத்துக்குக் கட்டுகிறோமோ அதுதான் அன்றைய உயரம். மூன்று இஞ்ச் குதிக்குக் கட்டிய பட்டுப்புடவை, மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றியதும் மூன்று இஞ்ச் தரையில் புரளும். விளிம்பு அழுக்காகி, மிதிபட்டு, கொசுவம் அவிழ்ந்து… அந்தத் தவிப்பு நமக்குத் தெரியும். ஒரு இஞ்ச்சுக்குள் இருந்தால் கழற்றினாலும் சமாளிக்கலாம். ஒரே குதி உயரத்துக்குப் பழகிவிட்டால் கை தானாக அதே அளவில் புடவை கட்டும். கல்யாண வீட்டுக்கு லோஃபரா என்று கேட்பார்கள். புடவைக்குக் கீழே தெரியப்போவது முன்பக்கம் இரண்டு இஞ்ச்தான். அந்த இரண்டு இஞ்ச் பளபளப்பாக, புடவையோடு ஒத்துப்போகும் நிறத்தில் இருந்தால் போதும். அதனால்தான் அரக்கு கலந்த பிரவுன் என்றேன். காஞ்சிப் பட்டில் அரக்கு, மாம்பழ மஞ்சள், பச்சை, நீலம் எது கட்டினாலும் அது ஒதுங்கி நிற்காது, சரிகையோடும் சேரும். கறுப்பில் புழுதி சாம்பல் மாதிரி தெரியும். டேன் என்கிற வெளிர் பழுப்பில் தண்ணீர்க் கறை நிற்கும்.

ஒரு இஞ்ச் குதி என்பது உங்கள் வலிக்காகவும்தான். குதி உயர உயர உடம்பின் எடை விரல் பக்கம் சாய்கிறது. முழுக்கத் தட்டையானால் குதியிலிருந்து விரல்வரை பாதத்தின் அடியில் ஓடும் தசைநார் இழுபடுகிறது. காலை முதல் அடியில் வலித்து, நடக்க நடக்கக் குறைகிறது என்றால் பெரும்பாலும் அந்தத் தசைநார்தான். ஆனால் நான் ஷூ செய்கிறவள், டாக்டர் இல்லை. வலி சில வாரங்களாகவே இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்புறம் ஷூ வாங்குங்கள். வீட்டுக்குள் மொசைக், கிரானைட் தரையில் வெறுங்காலோடு சமையல் செய்வதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். எம்.சி.ஆர்., அதாவது நுண்துளை ரப்பரில் செய்த மெத்தென்ற செருப்பு ஒன்று வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சர்க்கரைக்காரர்கள் செருப்பு’ என்று அதைப் பலர் ஒதுக்குகிறார்கள். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் உணர்ச்சி இழந்த தொழுநோயாளிகளின் பாதத்தைக் காப்பாற்ற எந்தச் செருப்பு நல்லது என்று வருஷக்கணக்கில் தேடியிருக்கிறார். மெத்தென்ற செருப்பு புண்ணைத் தடுக்கும் என்ற அறிவு நம் பக்கத்து ஊரிலேயே வளர்ந்தது.

கடையில் ஷூவைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது இது. ஒரு கையால் குதியையும் மறு கையால் முனையையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்ல ஷூ. நடுவில், பாதத்தின் வளைவு வரும் இடத்தில் மடிந்தால் உள்ளே ஷாங்க் இல்லை என்று அர்த்தம். குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே பாலம் மாதிரி வைக்கும் இரும்புப் பட்டை அது. அது இல்லாத ஷூ இரண்டு மாதத்தில் தொட்டில் மாதிரி தொங்கும். அடுத்து, பின்பக்கக் குதிக் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்காமல் நிற்க வேண்டும், மேல்விளிம்பு மட்டும் மெத்தென்று இருக்க வேண்டும். கொலுசு போடுகிறவர்கள் அந்த விளிம்பு கணுக்காலுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கொலுசு அதன்மேல் உரசினால் வெள்ளியும் கறுக்கும், தோலும் தேயும்.

தோலைப் பார்ப்பதற்கு ஒரு வழி: மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் விசிறி மாதிரி விரிந்து, எடுத்ததும் மறைய வேண்டும். ரெக்ஸின் அப்படிச் சுருங்காது, குழி விழுந்து எழும்பும். ஏற்றுமதி ஷூ என்றால் அடியிலோ உள்ளேயோ சின்னச் சின்னப் படங்களாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி ஒட்டுவது. விரித்த தோலின் வடிவம் போட்டிருந்தால் தோல். அதே வடிவத்துக்குள் சிறிய டைமண்ட் இருந்தால் மேலே பூச்சு ஏற்றிய தோல். வலை மாதிரி பின்னல் என்றால் துணி. வெறும் டைமண்ட் என்றால் செயற்கை. மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பணம் குறைவாக இருந்தால் எதில் விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டால், உள்பாகத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன். வியர்வை போவது அந்த வழியாகத்தான். சித்திரை வெயிலில் செயற்கை லைனிங் போட்ட மூடிய ஷூ காலை அவித்துவிடும். தோலே வேண்டாம் என்ற கொள்கை உள்ளவர்கள் மைக்ரோஃபைபர் மேல்பாகமும் பருத்தி லைனிங்கும் தேடலாம். மான்தோல் மாதிரி மெத்தென்றிருக்கும் ஸ்வேட் உங்களுக்கு வேண்டாம், ஒரு மழைக்குத் தாங்காது.

அந்தக் குதிரை லாடத் தையலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல லோஃபரில் அது கைத்தையல். எங்கள் ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளையில் ஒன்று உள்ளே போகும்போது மற்றது வெளியே வரும். இழுப்பு ஒரே சீராக இருந்தால்தான் மடிப்பு மடிப்பாக அந்த அலை விழும். நூல் அறுத்து அறுத்து ஆள்காட்டி விரலில் காய்ப்பு ஏறிவிடும். அந்த வேலைக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கூலி மிகக் குறைவு. நான் பார்த்துக்கொண்டே இருக்கும் அநியாயம் அது. நீங்கள் வாங்கும்போது அந்தத் தையலைக் கவனித்துப் பாருங்கள். கைத்தையலில் அலைகள் ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசமாக இருக்கும், மெஷினில் அச்சடித்த மாதிரி இருக்கும். கைத்தையல் மடிப்பு காலோடு சேர்ந்து விட்டுக்கொடுக்கும். அகலக் காலுக்கு அது பெரிய உதவி.

இப்போது அந்தப் பொடியான சோலுக்கு வருகிறேன். அது பி.யூ. சோல், அதாவது பாலியூரித்தேன். லேசாக, மெத்தென்று இருக்கும், கடையில் போட்டு நடந்தால் மேகத்தில் நடப்பது போலிருக்கும். ஆனால் காற்றில் உள்ள ஈரம் அதற்குள் புகுந்து மெல்ல மெல்ல அதைச் சிதைக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். போட்டு நடந்தால் சோல் அமுங்கி எழும்பி உள்ளே இருக்கும் ஈரம் கொஞ்சம் வெளியேறுகிறது. பட்டுப்புடவைக்கு என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பீரோவுக்கு மேல் வைத்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். நாலு தடவைதான் போட்டேன் என்று வருத்தப்படுகிறீர்கள். நாற்பது தடவை போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் உழைத்திருக்கும். நீங்கள் பத்திரப்படுத்தியதில் தப்பில்லை. ஆனால் ‘பி.யூ. சோல், அடிக்கடி போடுங்கள்’ என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது விற்றவர்கள்.

ஆகவே அடிப்பாகம் ரப்பர், அல்லது டி.பி.ஆர். என்ற, உருக்கி வார்க்கும் ரப்பர் வகையில் வாங்குங்கள். சோலின் அடியில் சில சமயம் எழுத்திலேயே அச்சடித்திருக்கும். இல்லாவிட்டால் கையில் தூக்கிப் பாருங்கள். பி.யூ. எதிர்பாராத அளவுக்கு லேசாக இருக்கும், ரப்பர் கனக்கும். பெட்டி லேபிளில் தயாரித்த மாதமும் வருஷமும் போட்டிருக்கும், அதையும் படியுங்கள். பாதி விலைத் தள்ளுபடி என்று வருவதில் சில, மூன்று நாலு வருஷம் குடோனில் கிடந்தவை. ரப்பர் உங்களுக்கு இன்னொரு வகையிலும் வேண்டும். சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஈரத் தரையில் கால் ஊன்றும்போது வழுக்கக் கூடாது. அடியில் கோடும் பள்ளமும் ஆழமாக இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள்.

மழையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தூறலையும் ஈரத் தரையையும் இந்த ஷூ தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது எந்தத் தோல் ஷூவையும் போடக் கூடாது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் செருப்பு நிரந்தரமாகக் கிடக்கட்டும், லோஃபர் பையில் வரட்டும், ஆபீஸ் வாசலில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஜோடி என்று கேட்டீர்கள், நானும் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். ஆனால் தோல் ஒரு நாள் குடித்த வியர்வையை விடுவதற்கு ஒரு நாள் ஓய்வு கேட்கும். ஏற்கெனவே இருக்கும் சாண்டலை மாற்றி மாற்றிப் போட்டால் இந்த ஜோடி பல வருஷம் வரும். தினமும் இதையே போட்டால் அவ்வளவு வராது.

நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேன் காற்றில், பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். தேங்காயெண்ணெய் தடவுகிற பழக்கம் பல வீட்டில் உண்டு. அது தோலைக் கறுப்பாக்கும், புழுதியை இழுக்கும். நிறமில்லாத ஷூ கிரீம் ஒரு டப்பா வாங்கினால் நெடுநாள் வரும். மழைக்காலத்தில் பூஞ்சை பூக்காமல் இருக்கப் பழைய வேட்டித் துணியில் பை தைத்துப் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். ஊட்டிக்குப் போகும்போது பருத்தி சாக்ஸ் கொஞ்சம் கனமாகப் போடுங்கள், மெல்லியது மெட்டி பட்டுச் சீக்கிரம் ஓட்டையாகும். வாங்கும் அன்று அந்த சாக்ஸையும் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். பலருக்கு அது பெருவிரல் இல்லை, மெட்டி போட்ட விரல்தான். கடையின் கார்ப்பெட்டில் நடக்காமல் கல் தரையில் பத்து நிமிஷம் நடங்கள்.

4,000 ரூபாய் போதும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எப்போதாவது வந்தால் ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் இன்னும் குறைவாகவே கிடைக்கும். ஆனால் முன்னே சொன்ன மாதிரி அவை ஐரோப்பிய லாஸ்ட். ஜெர்மனிக்கு என்று செய்தவற்றில் நம்பர் பக்கத்தில் ஒரு எழுத்து போட்டிருப்பார்கள். ‘எஃப்’ சாதாரண அகலம், ‘ஜி’ கொஞ்சம் தாராளம், ‘எச்’ அகலக் காலுக்கு. ஜி-யும் எச்-சும் தேடிப் பாருங்கள், நம் கால் அதற்குள் நிம்மதியாக உட்காரும். சர்ப்ளஸில் ஜோடி மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டு ஷூவையும் அடியோடு அடி ஒட்டி வைத்து நீளம் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைசியாக, உதிர்ந்த ஷூ. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேல்பாகம் தோல்தானா, விரல் மடங்கும் இடத்தில் வெடிப்பு இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் ஷூ ரிப்பேர் பார்க்கும் நல்ல தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோய், ஒட்டியிருக்கும் பி.யூ. தூளை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் சோல் ஒட்டி ஓரத்தில் தையலும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய தூள்மேலேயே பசை தடவினால் ஒரு வாரத்தில் பிரிந்துவிடும், அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். புது சோலின் குதி உயரம் பழைய சோலின் உயரத்திலேயே இருக்கட்டும். உதிர்ந்ததில் மிச்சமிருக்கும் குதித் துண்டை அவரிடம் அளவுக்குக் கொடுத்துவிடுங்கள்.